பதினேழு மனுவும் ஒரு அட்டைப் பெட்டியும்

பதினேழு பேரு சார். ஒருத்தர் ரெண்டு பேருன்னா பரவாயில்ல, ஏதோ போறாத வேளைன்னு விட்டுடலாம். பதினேழு பேரு, ஒரே ஆள் மேல, ஒரே விஷயத்துக்கு மனு போட்டிருக்காங்க. நான் என்ன ரசாயன ஆலையா நடத்தறேன்? தபால்வழிக் கல்வி மையத்துல ஆபீஸைப் பாத்துக்கற பொம்பள. எங்க வீட்டு அடுப்பே என் பேச்சைக் கேட்டு எரியாது. என் மேல போயி காத்தைக் கெடுக்கறேன்னு எழுதியிருக்காங்க... வாங்க, வாங்க, ஏன் வாசல்லயே நிக்கறீங்க?

அறிமுக வகுப்புக்குத்தானே? சுற்றுச்சூழல் சட்டமும் ஒழுங்குமுறையும், ஒரு வருஷப் படிப்பு? வகுப்பு பதினொண்ணுக்கு. இப்ப பத்தரைதான் ஆகுது. இல்ல இல்ல, போயிட்டு வர்றேன்ற பேச்சே வேணாம். சீக்கிரம் வர்ற ஆளை நான் விடறதில்ல. நாற்காலியெல்லாம் உள் ரூமுக்குப் போயிடுச்சு, அந்த அட்டைப் பெட்டி மேல உக்காருங்க. தாங்கும் தாங்கும். ரெண்டு வருஷமா வர்றவங்க எல்லாரும் அதுலதான் உக்கார்றாங்க. போன வருஷம் ஒரு ரிட்டயர்ட் போலீஸ்காரர் உக்காந்தாரு, உங்களை மாதிரி ரெண்டு பங்கு. பெட்டி ஒண்ணும் சொல்லல.

இந்தாங்க, விண்ணப்பம். பெரிய எழுத்துல எழுதுங்க. தொழில்... சலவைக்கூடமா? சொந்தமா? மெஷின் எத்தனை? ஒம்போது. நல்லாத்தான் ஓடுது. அப்ப உங்களுக்கும் நோட்டீஸ் வந்திருக்கும். பாத்தீங்களா, உள்ள வரும்போதே மூஞ்சியில தெரிஞ்சுது. சோப்புத் தண்ணியை எங்க விட்டீங்க... தெருக் கால்வாயிலயா. சரி சரி, நான் யாருகிட்டயும் சொல்லல. நோட்டீஸ் வாங்கினவங்க ரெண்டு வகை சார். ஒரு வகை வக்கீலைத் தேடும், இன்னொரு வகை புஸ்தகத்தைத் தேடும். வக்கீல் கேக்கற ஃபீஸைக் கேட்டதும் முதல் வகையும் நேரா எங்ககிட்ட வந்துடும், அது வேற விஷயம்.

வாத்தியாரா? வாத்தியாரை எதிர்பாக்காதீங்க. காலையில செய்தி அனுப்பிட்டாரு, வயிறு சரியில்லையாம். நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு அந்த வயிறு. இன்னிக்கி பதினொரு மணிக்கு சுற்றுச்சூழல் ஆபீஸ்ல இருந்து அதிகாரி சோதனைக்கு வர்றாருன்னு போன்ல சொன்னேன், அப்ப கெட்டுப்போச்சு. சட்டம் சொல்லிக் குடுக்கறவருக்கு, சட்டத்துக்கு வேலை பாக்கறவரு வர்றாருன்னா வயிறு ஏன் கலங்கணும்? கேட்டா கோவம் வரும். ஊருக்குத்தான் உபதேசம்.

பரவாயில்ல, அறிமுகம் நானே சொல்லிடறேன். ஆறு வருஷமா சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம். மொத்தம் நாலு புஸ்தகம், இதோ மேசை மேல இருக்கு. ஒண்ணு, அடிப்படை. ரெண்டாவது தண்ணி, காத்து, சத்தம். மூணாவது அனுமதி வாங்கறது, ஒரு ஆலை வர்றதுக்கு முன்னாடியே அதனால யாருக்கு என்ன கெடுதின்னு கணக்குப் பாக்கறது. நாலாவது சோதனை, நோட்டீஸ், தண்டனை. நீங்க நாலாவதுல இருந்து ஆரம்பிப்பீங்க, நோட்டீஸ் வாங்கினவங்க எல்லாரும் அப்படித்தான். அடிப்படையில ரெண்டே ரெண்டு கொள்கைதான் சார். கெடுக்கறதுக்கு முன்னாடி யோசி. அதையும் மீறிக் கெடுத்துட்டா, கெடுத்தவனே சரி செய். இந்த ரெண்டைத்தான் முன்னூறு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பாவம், அவங்களுக்கும் பக்கம் நிரம்பணுமில்ல.

மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை நேர் வகுப்பு. அப்புறம் ஒப்படைப்பு, அதாவது வீட்டுல எழுதிட்டு வந்து என்கிட்ட குடுக்கறது. ஆறு ஒப்படைப்பு. அந்தக் கடைசி ஒப்படைப்பு இருக்கே... வேணாம், அதைப் பத்தி இப்ப பேச வேணாம். அப்புறம் சொல்றேன்.

சார் சார்னு கூப்பிட்டா என்னமோ பேங்க்ல நிக்கற மாதிரி இருக்கு. அண்ணேன்னே கூப்பிடறேன், தப்பா நினைக்க மாட்டீங்களே? விஷயம் இதுதாண்ணே. நீங்களும் நோட்டீஸ் வாங்கினவரு, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. எங்க இயக்குநர் நேத்து என்னைக் கூப்பிட்டு உக்காரச் சொன்னாரு. பத்தொம்பது வருஷத்துல அவரு என்னை உக்காரச் சொன்னதே இல்ல. "அதிகாரி ஒண்ணும் எழுதாம திரும்பிப் போகணும். எழுதிட்டாருன்னா இந்தப் படிப்பை வேற மையத்துக்கு மாத்திடுவாங்க. அப்புறம் நீங்க வீட்டுலயே ஓய்வெடுக்கலாம்"னாரு. ஓய்வுன்னா என்ன ஓய்வு? வீட்டுல எங்க நாத்தனார் இருக்காங்க. அவங்க பேச ஆரம்பிச்சா நான் வாயைத் தொறக்கவே முடியாது. நாள் பூரா ஒருத்தங்க பேசறதைக் கேட்டுக்கிட்டே இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாதுண்ணே.

என்ன சிரிக்கறீங்க?

சரி, அப்படி என்னதான் பண்ணேன்னு கேக்கறீங்க. பழைய பரீட்சைத் தாள். அவ்வளவுதான். மூணு வருஷம் வெச்சிருந்துட்டு அழிச்சுடணும்னு தலைமை ஆபீஸ் உத்தரவு. முன்னாடியெல்லாம் பழைய பேப்பர்காரருக்குத்தான் போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு நாள் ஒரு மாணவர் வீட்டம்மா மளிகைக் கடையில சாமான் வாங்கியிருக்காங்க. பிரிச்சுப் பாத்தா, மடிச்சுக் குடுத்த காகிதம் அவங்க வீட்டுக்காரரோட பரீட்சைத் தாள். நூத்துக்குப் பதினொண்ணு. அவரு வீட்டுல எழுவத்தெட்டுன்னு சொல்லி வெச்சிருக்காரு. ரெண்டு பேரும் இங்க வந்து நின்னு... அதை விடுங்க. அன்னிக்கி முடிவு பண்ணேன், இனிமே கண்ணு முன்னாடியே எரிச்சுடறதுன்னு. பின்பக்கம் ஒரு பழைய தகர பீப்பாய் இருக்கு. சனிக்கிழமை நாலு மணிக்கு, வாரம் ஒரு மூட்டை. எரியறதைப் பாத்துக்கிட்டு நிப்பேன். ஒரு வாரத்துப் பாரம் இறங்கின மாதிரி இருக்கும். அதுல என்னண்ணே தப்பு? காகிதம்தானே? சரி, நடுவுல கொஞ்சம் பிளாஸ்டிக் உறையும் இருக்கும். கார்பன் தாளும் இருக்கும். யாரு உக்காந்து பிரிக்கறது?

அதான், இன்னிக்கி சனிக்கிழமை. அந்த அதிகாரி தேடிப் பிடிச்சு இந்தக் கிழமையில வர்றாரு. நானும் லேசுப்பட்ட ஆள் இல்ல, பீப்பாயைக் கழுவிக் கவுத்துட்டேன். சாம்பலையெல்லாம் கூட்டி அள்ளிட்டேன். சுவர்ல இருந்த கரிக்கு மட்டும் நேரமில்ல, அது மேல ஒரு காலண்டரை மாட்டியிருக்கேன். வெளிச்சுவர்ல எதுக்குக் காலண்டர்னு கேட்டா, தேதி பாக்கத்தான்.

இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அதுக்குத்தான் உங்களை... இருங்க, முதல்ல டீயைக் குடிங்க. குடிச்சிட்டு இதுல ஒரு கையெழுத்து போடுங்க. இல்லண்ணே, இது விண்ணப்பம் இல்ல, இது தனி. "இம்மையத்தின் பின்புறம் தீயோ புகையோ நாங்கள் ஒருபோதும் கண்டதில்லை. இப்படிக்கு, மாணவர்கள்." நேத்து புஸ்தகம் வாங்க வந்த நாலு பேரு போட்டுட்டாங்க. அஞ்சாவது நீங்க. யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா? இல்ல. புகையைப் பாத்தீங்களா? பாக்கல. அப்ப இதுல பொய் எங்க இருக்கு? நூத்துக்கு நூறு உண்மை.

எழுதின பதினேழு பேரு யாருன்னுதானே கேக்கறீங்க. அதைத்தாண்ணே என்னால தாங்க முடியல. வேற யாரு? நான் வளத்த கிடாய்ங்கதான். போன வருஷத்து மாணவருங்க.

ஆமா, இங்க படிச்சவங்க. சொன்னேனே, கடைசி ஒப்படைப்பு. "உங்கள் பகுதியில் நடக்கும் ஒரு விதிமீறலைக் கண்டறிந்து, உரிய அலுவலகத்துக்கு முறையான மனு ஒன்றைத் தயாரிக்கவும்." தயாரிக்கணும், அவ்வளவுதான். மார்க்குக்கு. அதுக்கு நாலஞ்சு பேரு வந்து என்கிட்ட ஒரே புலம்பல். அம்மா, எங்க தெருவுல ஆலையே இல்லம்மா, எங்க பக்கம் ஆறே இல்லம்மான்னு. எனக்கு மனசு கேக்கல. நான் என்ன பண்ணேன்...

சிரிக்கக் கூடாது.

பின் ஜன்னலைத் தொறந்து காட்டினேன். எதுக்கு ஊரெல்லாம் அலையறீங்க, சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்க, நானே எரிக்கறேன், அதைப் பாத்து எழுதுங்கன்னேன். வந்தாங்க. ஒருத்தர் ரெண்டு பேரோட நிக்கல, ஒருத்தர் சொல்லி ஒருத்தர்னு பதினாறு பேரு, பதினேழாவது ஆள் மட்டும் வரல. எல்லாரும் நோட்டும் பேனாவுமா சுத்தி நின்னாங்க. நான் பெருமையா எரிச்சுக் காட்டினேன். எத்தனை மூட்டை, என்னென்ன எரியுது, எத்தனை நிமிஷம், எல்லாம் கேட்டாங்க. நான்தான் சொன்னேன். மண்ணெண்ணெய் எவ்வளவு ஊத்தறேன்னு கூட சொன்னேன். ஒருத்தருக்கு வேகமா எழுத வரலன்னு நானே நோட்டுல எழுதிக் குடுத்தேன்.

அதோட விட்டிருந்தாலாவது தப்பிச்சிருக்கலாம். ஒப்படைப்பெல்லாம் என் மேசைக்கு வந்துச்சு. நான் அதைத் திருத்தறவருக்கு அனுப்பணும். ஆனா பாருங்க, புஸ்தகத்துல என்ன போட்டிருக்கான், மனுவை உறையில போட்டு, ஒட்டி, அது மேல சுற்றுச்சூழல் ஆபீஸோட முகவரியையும் எழுதணும், அதுக்கு ரெண்டு மார்க்குன்னு. நான் தபாலைப் படிக்கற ஆள் இல்லண்ணே. மேல முகவரி இருக்கா, தபால்தலையை ஒட்டு, அனுப்பு. என் மேசைக்கு வந்த உறை அன்னிக்கி சாயங்காலம் தாண்டி அங்க இருந்ததே இல்ல, பத்தொம்பது வருஷமா அதுதான் என் கௌரவம். அத்தனை உறையையும் பதிவுத் தபால்ல அனுப்பினேன். சாதாத் தபால்ல போட்டிருந்தாலாவது ரெண்டு மூணு தொலைஞ்சிருக்கும். சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்லுவாங்களே, நான் ஆபீஸ் செலவுல வெச்சுக்கிட்டேன்.

பத்து நாள் கழிச்சு திருத்தறவரு போன் பண்றாரு, ஒப்படைப்பு வரலியேன்னு. அனுப்பிட்டேனேன்னு அவரோடயே சண்டை போட்டேன். தபால்காரரோட சண்டை போட்டேன். அதுக்கு அடுத்த வாரம் நோட்டீஸ் வந்துச்சு, பதினேழு மனுவோட நகலையும் சேத்துக் கட்டி. அப்பதான் பிரிச்சுப் படிச்சேன்.

என்னமா எழுதியிருக்காங்க தெரியுமா. அந்த வயித்தெரிச்சலை யாருகிட்ட சொல்றது? எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை மணி, காத்து எந்தப் பக்கம், ஒண்ணு விடல. ரிட்டயர்ட் போலீஸ்காரர் படமே போட்டிருக்காரு. பீப்பாய், பக்கத்துல நான். கொஞ்சம் குண்டா போட்டிருக்காரு. இந்த மையத்துல இருந்து இவ்வளவு நல்லா எழுதின வருஷமே கிடையாது. திட்டறதா, மார்க் போடறதான்னு தெரியாம உக்காந்திருந்தேன்.

என்னண்ணே, பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க?

நாலாவது புஸ்தகத்தை இப்ப எதுக்குப் புரட்டறீங்க. அதெல்லாம் வீட்டுக்குப் போய் பொறுமையா... எங்க, எந்தப் பக்கம்? கண்ணாடியை எடுத்துக்கறேன். "சோதனை அலுவலருக்குத் தெரிந்தே பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம். மூலக் குற்றத்துக்கு உரியதைவிட இதற்கான தண்டனை கூடுதலாகவும் இருக்கலாம்." ஓ. ஆறு வருஷமா இந்தப் புஸ்தகத்தை நான்தான் கட்டுக் கட்டி அனுப்பறேன்...

நீங்களுமா? சோப்புத் தண்ணியே விடலன்னு எழுதிக் குடுத்தீங்களா? வேலையாளுங்க கையெழுத்தோட? அப்புறம்... அதுக்கு வந்ததுதான் ரெண்டாவது நோட்டீஸா. வேலையாளுங்க பேருலயும் வந்துச்சா? அடப் பாவமே. அவங்க என்ன பண்ணுவாங்க, முதலாளி நீட்டின காகிதத்துல போட்டாங்க.

நேத்து அந்த நாலு பேரும் அப்படித்தான் போட்டாங்க. படிச்சுக்கூடப் பாக்கல. அம்மா குடுத்தா சரின்னு போட்டாங்க.

உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்ணே. யாருக்கும் காட்டல. இயக்குநருக்குக் கூட காட்டல. பதினேழுல இது ஒண்ணை மட்டும் கட்டுல இருந்து உருவி என் கைப்பையில வெச்சிருக்கேன். பின்னாடி, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், குழந்தைங்க காப்பகம் இருக்கு. அம்மாமாரெல்லாம் வேலைக்குப் போறவங்க, சனிக்கிழமையும் அஞ்சு மணி வரைக்கும் புள்ளைங்க அங்கதான். புள்ளைங்களைப் பாத்துக்கற பொண்ணு நம்ம மாணவி. விண்ணப்பம் கூட நான்தான் நிரப்பிக் குடுத்தேன். தினம் காம்பவுண்டுக்கு மேல தலையை நீட்டி, சாப்பிட்டீங்களாக்கான்னு கேக்கும். ஒரு வருஷமா ஒரு வார்த்தை, ஒரு முகச்சுளிப்பு கிடையாது. அன்னிக்கி வராத பதினேழாவது ஆள் அதுதான், அது எழுதினது இது. படிக்கறேன், கேளுங்க.

"சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு நான் ஏழு ஜன்னல்களையும் மூடிவிடுவேன். குழந்தைகள் பயப்படாமல் இருக்க அதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யார் முதலில் ஜன்னலை மூடுவது என்று ஓடுவார்கள். மூடிய பிறகு அறை வெந்து போகும். இருவருக்கு மூச்சு இழுக்கும். ஒரு குழந்தை வாரநாட்களிலும் வந்து, இன்றைக்கு ஜன்னல் விளையாட்டு உண்டா என்று கேட்கிறது. எரிப்பவர் கெட்டவர் அல்ல. என்னைப் படிக்கச் சேர்த்துவிட்டவரே அவர்தான். அதனால் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது ஒப்படைப்பு என்பதால் எழுதுகிறேன். அபராதம் எதுவும் வேண்டாம். நிறுத்தினால் போதும்."

...

ஒண்ணுமில்ல, கண்ணாடி மங்கலா இருக்கு. இது வந்ததுல இருந்து நான் எரிக்கல. மூட்டையெல்லாம் கழிவறைக்குப் பக்கத்துல அடுக்கியிருக்கேன். ஆனா இந்தப் பன்னெண்டு நாளா நான் யோசிச்சதெல்லாம் என் வேலை, என் நாத்தனார், அந்தக் காலண்டர். முழுப் பூசணிக்காயை எப்படிச் சோத்துல மறைக்கறதுன்னுதான் யோசிச்சேன். அந்தப் பொண்ணு கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. காம்பவுண்டுப் பக்கமே போகல.

எரிக்காம வேற வழி இல்லயான்னா கேக்கறீங்க? இருக்கே. தலைமை ஆபீஸ்லயே அனுப்பிட்டாங்க. காகிதத்தைத் துண்டு துண்டா நறுக்கற மெஷின். ஒரு தடவைக்கு ஆறு தாள்தான் போகும். போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தாள்லயும் பின் எடுக்கணும், கட்டின நூலை அவுக்கணும், பிளாஸ்டிக் உறையைத் தனியாப் பிரிக்கணும். ஒரு மூட்டைக்கு ஒரு நாள் ஆகும். யாருக்கு ஆகும் அந்த வேலைன்னு ஓரமாத் தள்ளிட்டேன். எப்ப வந்துச்சா... வந்து ரெண்டு வருஷம் ஆச்சு.

ஆமாண்ணே. நீங்க உக்காந்திருக்கறதுதான்.

கார் சத்தம் கேக்குது பாருங்க. கேட் பக்கத்துலதான். பதினொண்ணுன்னா கரெக்டா பதினொண்ணுக்கு வர்ற அதிகாரியை என் தலையில எழுதியிருக்கு. அந்தக் கையெழுத்துத் தாளைக் குடுங்க இப்படி. அந்த நாலு பேருக்கு என்னால ஒண்ணும் வரக் கூடாது. கிழிச்சுடறேன். எரிக்கவா முடியும்... வாங்க சார், உள்ள வாங்க. நோட்டீஸ் என் பேருக்கு வந்ததுதான். இல்ல, இயக்குநரைக் கூப்பிட வேணாம், எரிச்சது அவர் இல்ல, நான். பீப்பாய் பின்னாடி இருக்கு, கழுவிட்டேன். ஆனா சுவர்ல காலண்டரைத் தூக்கிப் பாருங்க, எல்லாம் தெரியும். நீங்க எழுத வேண்டியதை எழுதிக்குங்க. முடிஞ்சதும் உள் ரூம்ல புதுசா சேர வர்றவங்களுக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க, எங்க வாத்தியாருக்கு வயிறு சரியில்ல. அதுக்கு முன்னாடி நான் ஒரு அஞ்சு நிமிஷம் காம்பவுண்டு வரைக்கும் போயிட்டு வந்துடறேன், அங்க ஒரு பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லணும்.

நிக்காதீங்க சார், உக்காருங்க... அந்தப் பெட்டி மேல வேணாம். அண்ணே, நீங்களும் கொஞ்சம் எந்திரிங்க. அதைப் பிரிக்கணும்.